சவரி

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் பாதையில் அடுக்கம் இருக்கிறது. சங்கக் கவிதையில் அடுக்கம் என்றால் மலைச்சரிவு. ஊர்ப்பெயரான பிறகு யாரும் அர்த்தம் கேட்பதில்லை. மனிதப் பெயர்களும் இப்படித்தான். ஆனால் சில, ஒன்றை மறந்த கையோடு வேறொன்றைச் சேர்த்துக்கொண்டுவிடுகின்றன.

இந்த மலையிலும் கீழே சமவெளியிலும் கத்தோலிக்கக் குடும்பங்களில் சவேரியார், சவரிமுத்து, சவரியம்மாள் என்று அநேகம் பேர். மூலம் பாஸ்க் மொழி. எச்செ - வீடு. பெரி - புதியது. நவார் நாட்டில் ஒரு கோட்டைக்கு அந்தப் பெயர். 1506இல் அங்கே பிறந்த பிரான்சிஸ், கோட்டையின் பெயரோடு 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார், பத்து வருஷம் கழித்துச் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்தார், 1622இல் புனிதரானார். வீட்டின் பெயர் ஊருக்கு, ஊரின் பெயர் மனிதருக்கு, மனிதரின் பெயர் குழந்தைகளுக்கு. (மலையாளத்தில் புத்தன்வீடு இன்னும் வீட்டுப்பெயராகவே நிற்கிறது.) பிரான்சிஸ் என்பதற்கோ பிரெஞ்சுக்காரன் என்று பொருள். அசிசி நகரத்து ஜியோவான்னிக்கு, பிரான்சோடு துணி வியாபாரம் செய்த தகப்பன் மாற்றி வைத்த பெயர் அது.

தமிழ் இதை ஒலியாக மட்டுமே வாங்கியது. பெஸ்கியின் விஷயம் வேறு. கொன்ஸ்தான்சோ என்பதன் பொருளைப் பெயர்த்துத் தைரியநாதர் ஆனார். வேதாசலம் மறைமலையானதும் அதே வழியில்தான். சவேரியாரையும் அப்படிச் செய்திருந்தால் புதுவீட்டார் என்று ஆகியிருப்பார், தப்பித்தார்.

ஒலியாக வந்ததில் ஒரு லாபம். கம்பனில் சபரி, சவரிதான். ஆரண்ய காண்டத்தில் அவளுக்கு ஒரு படலமே உண்டு. மலைக்காட்டில் இராமனுக்காகக் காத்திருந்த கிழவியும் நவார் கோட்டையும் மூன்றெழுத்துக்குள் ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள். கூடவே ஒட்டுமுடியும் - அதற்கும் நம் பெண்கள் சவரி என்றே சொல்கிறார்கள். எந்த அகராதிக்காரரும் திட்டமிட்டு இதைச் செய்திருக்க முடியாது. 'ஆர்' விகுதி பெயருக்குள்ளேயே ஒட்டிவிட்டதால், பையனை அடிக்கக் கை ஓங்கும்போதும் "டேய் சவேரியார்" என்று மரியாதையோடுதான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

இப்போது தாத்தா சவரிமுத்து, பேரன் சேவியர். சவரி என்று கூப்பிட்டால் பேரனுக்குக் கூச்சம், பட்டிக்காட்டு உச்சரிப்பாம். ஆங்கில வாயில் திரிந்தது சுத்தம், தமிழ் வாயில் திரிந்தது கொச்சை என்று அவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பாஸ்க் காதுக்கு இரண்டும் கோணல்தான். எச்செபெரியின் கடைசி 'இ' ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் உதிர்ந்துபோயிற்று. சவரியில் அது இருக்கிறது, தற்செயலாகத்தான்.