நிறம் பார்த்த நீதி

வகுப்பறையில் ஒரு பேனா காணாமற்போனால், விசாரணை தொடங்குமுன்பே எல்லோர் பார்வையும் சேரிப் பிள்ளையின் மீது விழுவதை முப்பதாண்டு ஆசிரியப் பணியில் நாம் பலமுறை கண்டதுண்டு. அப்பார்வையே அரசின் நீதியாகிவிட்டால் என்ன நேரும்? அமெரிக்கக் கறுப்பினச் சிறுவர்களின் வரலாறு இதற்கு விடை கூறும்.

தவறிழைத்த சிறுவரைப் பெரியவர்களின் சிறையில் அடைத்தலாகாது என்னும் நல்லெண்ணத்தால் 1825 ஆம் ஆண்டில் நியூயார்க்கில் சிறார் புகலில்லம் தோன்றிற்று. 1828 இல் பிலடெல்பியாவும் ஒன்றைத் திறந்தது. ஆயினும் பிலடெல்பியா இல்லத்தின் கதவு வெள்ளைச் சிறுவர்க்கே திறந்தது. கறுப்புச் சிறுவர்க்கென அங்கே தனி இல்லம் அமைய மேலும் இருபதாண்டுகளுக்கு மேலாயிற்று. 1899 இல் சிகாகோவில் அந்நாட்டின் முதல் சிறார் நீதிமன்றம் எழுந்தது. தண்டிப்பதன்று, திருத்துவதே அதன் நோக்கம் என்றனர்.

அந்நோக்கம் எல்லாப் பிள்ளைகளையும் எட்டியதா? 1944 மார்ச்சில் தென் கரோலினாவின் அல்கோலு என்னும் சிற்றூரில் வெள்ளைச் சிறுமியர் இருவர் கொலையுண்டனர். ஜார்ஜ் ஸ்டின்னி என்னும் 14 வயதுக் கறுப்புச் சிறுவன் கைதானான். அவன் தந்தை வேலையிழந்தார். குடும்பமே ஊரைவிட்டு வெளியேறிற்று. ஏப்ரல் 24 அன்று ஒரே நாளில் விசாரணை முடிந்தது. வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு ஏறத்தாழப் பத்து நிமிடங்களில் அவனைக் குற்றவாளி என்றது. மேல்முறையீடு செய்வாரில்லை. ஜூன் 16 அன்று மின்நாற்காலியில் அவன் உயிர் பறிக்கப்பட்டது. அத்தீர்ப்பு செல்லாது என நீதிமன்றம் அறிவித்தது 2014 இல், எழுபதாண்டுகள் கழித்து! இன்றும் அந்நாட்டில் வெள்ளை இளைஞரைவிடக் கறுப்பின இளைஞர் பன்மடங்கு மிகுதியாகக் காவலில் வைக்கப்படுகின்றனர்.

நம் நாட்டிலும் 1871 ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கிற்று. அதன் 1897 ஆம் ஆண்டுத் திருத்தம் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவும் வழி செய்தது.

எனினும் ஒடுக்கப்பட்டோர் வாளாவிருந்தாரல்லர். வர்ஜீனியாவில் சிறையை நோக்கித் தள்ளப்பட்ட கறுப்பினச் சிறுமியர்க்காக, ஜேனி போர்ட்டர் பாரெட் அம்மையாரும் கறுப்பின மாதர் சங்கத்தாரும் பொருள் திரட்டி 1915 இல் ஒரு தொழிற்பள்ளி கண்டனர். வெள்ளி விழாக் காணும் நம் சங்கமும் அத்தகைய கைகளால் எழுந்ததே.

இளைஞர்களே! நாளை உங்களுள் சிலர் ஆசிரியராவீர், சிலர் காவலராவீர், சிலர் வழக்கறிஞராவீர். ஒரு பிள்ளை உங்கள் முன் நிறுத்தப்படும்போது, எந்தத் தெரு என்று கேளாதீர். என்ன நடந்தது என்று கேளுங்கள். நாம் கல்வி கற்றதன் பயன் அதுவே.