காப்புறுதி யாரைக் காக்கிறது?

சிங்கப்பூரின் புக்கிட் மேரா வட்டாரத்தில், லெங் கீ சாலை நெடுகிலும் கார் விற்பனைக் கூடங்கள் இருக்கின்றன. அங்கே வாங்கும் எந்தக் காரும் காப்புறுதி இல்லாமல் சாலையில் ஓடக்கூடாது. அந்தக் காப்புறுதி யாரைக் காக்கிறது? நேயர்களே, அதன் வரலாற்றைப் பார்த்தால் விடை விளங்கும்.

மோட்டார் வண்டிகள் பெருகிய காலத்தில், அடிபட்டவருக்கு ஈடு கொடுக்க வண்டிக்காரரிடம் பணம் இல்லாமல் போயிற்று. ஆகவே பிரிட்டன் 1930இல் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூரில் இன்றும் நடப்பில் உள்ள சட்டம் 1960இல் வந்தது. காப்புறுதி இல்லாத வண்டியால் அடிபட்டோருக்கு உதவ, 1975இல் காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து ஓர் அமைப்பை நிறுவின.

இவை யாவும் பிறருடைய உயிருக்கும் உடலுக்கும் ஏற்பட்ட காவல். பிறருடைய வண்டி நொறுங்கினாலும், சுவர் இடிந்தாலும், நம் கார் களவு போனாலும் ஈடு தர வேண்டுமென்று அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் இதே வழியில்தான் செல்கிறது. மற்றவையெல்லாம் பத்திரத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. சொந்த உபயோகத்திற்கென எடுத்த காரில் வாடகைக்கு ஆள் ஏற்றினால், அந்தப் பத்திரம் பொதுவாகக் கைகொடுக்காது.

தோட்டத்தில் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய கார் வாங்குகிறோம். ஒரே விபத்தில் அதுவும் போய், கடனும் சேர்ந்துவிடலாம். ஆகவே பத்திரத்தில் ஒப்பமிடுமுன், “எதற்கெல்லாம் ஈடு இல்லை?” என்று முகவரிடம் கேட்போம். படிக்கும் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு, அந்தப் பகுதியை வாசிக்கச் சொல்லிக் கேட்போம்.