எடுத்துரைப்பு உளவியலின் முன்னோடிகள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

எடுத்துரைப்பு என்பது இலக்கியத்திற்கே உரிய கூறாக நெடுங்காலம் கருதப்பட்டது. மனிதன் தன் வாழ்வைப் பொருளுடையதாக அறிவதே கதை வடிவில்தான் என்னும் கருத்து 1980களில் உளவியலில் வலுப்பெற்றது. அக்கருத்து உருவான வரலாற்றையும், அது எழுப்பிய உண்மை குறித்த சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னோட்டங்கள்

இங்கிலாந்தின் பிரடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நினைவுகூர்தல் பற்றிய நூலில், வட அமெரிக்கத் தொல்குடியினரின் கதையொன்றை ஆங்கிலேயரைப் படிக்கச்செய்து, பின்னர் நினைவிலிருந்து கூறச்செய்தார். அவர்கள் தமக்குப் பழக்கமில்லாத பகுதிகளை விடுத்தும் மாற்றியும் கூறினர். நினைவு சேமிப்பன்று, மறுபடைப்பே என்பது இதனால் புலனாயிற்று. 1944இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் ஆகியோர் இரு முக்கோணங்களும் ஒரு வட்டமும் அசையும் படமொன்றைக் காட்டினர். கண்டதைக் கூறுமாறு மட்டும் கேட்கப்பட்ட 34 பேரில் ஒருவரே அதனை வடிவியல் நோக்கில் விளக்கினார். ஏனையோர் அசைவுகளை உயிருள்ளவற்றின் செயல்களாகவே கண்டனர்.

கோட்பாட்டு உருவாக்கம்

இத்தகைய சான்றுகள் இருந்தும், நடத்தைவாதத்தின் செல்வாக்கால் கதை உளவியலின் மையப்பொருளாகவில்லை. அமெரிக்க உளவியலாளர் தியடோர் சார்பின் 1986இல் பதிப்பித்த தொகுப்பே ‘எடுத்துரைப்பு உளவியல்’ என்னும் பெயரை நிலைநிறுத்தியது. உளவியலில் ஆட்சி செய்த எந்திர உருவகத்திற்கு மாற்றாகக் கதையை மூல உருவகமாக அவர் முன்வைத்தார். அதே ஆண்டில் ஜெரோம் புரூனர், சிந்தனையைத் தருக்கமுறை, எடுத்துரைப்பு முறை என இரண்டாகப் பகுத்தார். முன்னது பொது விதிகளை நாடும். பின்னது மனித நோக்கங்களையும் அவற்றின் விளைவுகளையும் நாடும். ஒன்றை மற்றொன்றாகச் சுருக்க இயலாது என்பது அவர்தம் கொள்கை. டான் மெக்ஆடம்ஸ் 1985 முதல், தன்னடையாளம் என்பதே ஒருவர் அகத்தே புனைந்துகொள்ளும் வாழ்க்கைக் கதை என விளக்கினார்.

சிகிச்சையும் சிக்கலும்

ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வொயிட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் 1990இல் வெளியிட்ட நூல் இக்கருத்தைச் சிகிச்சைக்குக் கொண்டுசென்றது. சிக்கலை மனிதரிடமிருந்து பிரித்துக் காண்பதும், மேலோங்கிய கதையால் மறைக்கப்பட்ட அனுபவங்களை மீட்பதும் அவர்தம் முறையாகும்.

ஆயினும், கதை பொருந்தியிருப்பதாலேயே உண்மையாகிவிடுமா? உளப்பகுப்பாய்வாளர் டொனால்டு ஸ்பென்ஸ் 1982இலேயே கதையுண்மை வேறு, வரலாற்றுண்மை வேறு எனப் பிரித்துக் காட்டினார். சிகிச்சையில் நோயாளிக்கு ஆறுதல் தரும் விளக்கம், நடந்ததற்குச் சான்றாகாது என்பது இதன் பயன். மெய்யியலாளர் கேலன் ஸ்ட்ராசன் 2004இல், எல்லோரும் தம் வாழ்வைக் கதையாகவே உணர்கின்றனர் என்பதையும், அவ்வாறு உணர்ந்தால்தான் நல்வாழ்வு கிட்டும் என்பதையும் மறுத்தார்.

முடிவுரை

பார்ட்லெட் கண்ட மறுபடைப்பே எடுத்துரைப்பு உளவியலின் ஆற்றலும் எல்லையும் ஆகும். மறுபடைக்க இயல்வதாலேயே துயருற்றவர் தம் வாழ்வை வேறு வகையில் சொல்லித் தேறுகிறார். அதனாலேயே அச்சொல் தனித்து நின்று சான்றாவதில்லை. தன்வரலாறுகளை ஆராய்வோர், எழுதியவர் தம்மை எவ்வாறு அமைத்துக்கொண்டார் என்னும் வினாவையும், உண்மையில் நிகழ்ந்தது யாது என்னும் வினாவையும் தனித்தனியே எழுப்புதல் வேண்டும். முதல் வினாவிற்கு நூலே விடை தரும்; இரண்டாவதற்குப் பிற சான்றுகளும் தேவை.