வாடகைச் சட்டமும் ஜார்ஜ் டவுன் குடிகளும்

பினாங்கின் தலைநகராகிய ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களில் மாலை வேளையில் நடப்போர் சற்றே அண்ணாந்து பார்த்தல் வேண்டும். கீழே விளக்கொளியும் வணிகமும் மிகுந்திருக்கும்; மேல்மாடிச் சன்னல்கள் பல இருண்டு கிடக்கும். ஒரு காலத்தில் அம்மாடிகளில் வீட்டுக்கு நான்கைந்து குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. அவர்கள் எங்கே போயினர் என்னும் வினாவுக்குரிய விடையிற் பெரும்பகுதி ஒரு வாடகைச் சட்டத்தின் வரலாற்றில் அடங்கியுள்ளது.

இந்நகரின் கடைவீடு தெருப்பக்கம் குறுகியும் உள்ளே நீண்டும் இருப்பது. கீழே கடை, மேலே குடியிருப்பு, நடுவே காற்றும் வெளிச்சமும் வர ஒரு முற்றம், முன்னால் நம்மவர் ‘அஞ்சடி’ என்று வழங்கும் நடைபாதை. 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு வீசினர். போர் முடிந்தபின் வீடுகளுக்குப் பெருந்தட்டுப்பாடு நேர்ந்தது. வாடகை ஏறாமல் தடுக்க 1948இல் கட்டுப்பாடு வந்தது. 1966ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நிலைநிறுத்தியது. 1948 ஜனவரி இறுதிக்குள் கட்டி முடிந்த கட்டடங்களுக்கே அச்சட்டம் பொருந்தும். அவற்றின் உடைமையாளர் விரும்பியபடி வாடகையை உயர்த்தவும் இயலாது. குடியிருப்போரை வெளியேற்றவும் இயலாது.

ஏழைகளைக் காத்த சட்டம் என்று இதனைப் போற்றுவோர் உண்டு. முழுவதும் உண்மையன்று. வீட்டை முதலில் எடுத்தவர் பலகையால் அறைகளாகத் தடுத்து உள்வாடகைக்கு விட்டுப் பொருள் ஈட்டியதும் உண்டு. உள்ளே வர விரும்புவோரிடம் ‘தேநீர்க் காசு’ என்று ஒரு தொகை வாங்கியதும் உண்டு. உடைமையாளரோ, சொற்ப வாடகைக்குக் கூரை ஓடு மாற்றுவானேன் என்று இருந்துவிட்டார். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கும் வழியில்லாமற் போனதால், வீடுகள் ஒழுகியபடியே நின்றன, மக்களும் நின்றனர். காத்தது பாதி, கவனியாமல் விட்டது பாதி!

இளையோர் வெளியேறுவது அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வளாகம் பிறந்தது. வேலையும் புதிய வீடுகளும் அப்பக்கம் பெருகின. 1974இல் கொம்தார் கட்டடப் பணி தொடங்கியபோது பழைய குடியிருப்பு வரிசைகள் சில மறைந்தன. எஞ்சியோர் முதியோரும் சிறு வணிகரும் தொழிலாளருமே.

1997இல் சட்டத்தை நீக்க மன்றம் முடிவு செய்தது. இடைக்காலம் முடிந்து, 2000 ஜனவரி 1 முதல் வாடகை கட்டவிழ்ந்தது. பினாங்கில் 12,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் ஒரே நாளில் சந்தைக்கு வந்தன என்க. வாடகை பன்மடங்கு உயர்ந்தது. ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டினர். உயர்ந்த வாடகைக்கு ஆள் வராமையால் பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. சிலவற்றில் கூட்டுக்காக உழவாரக் குருவிகளை வளர்த்தனர். மனிதர் போன அறைக்குப் பறவை வந்தது!

2008 ஜூலையில் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுடைமையாக ஏற்றது. அதன்பின் வெளியார் முதல் பாய்ந்தது. கடைவீடுகள் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. ஏறத்தாழ 259 ஹெக்டர் பரப்புள்ள அம்மரபுடைமைப் பகுதியில் 2009இல் 10,159 பேர் வாழ்ந்தனர். 2013இல் 9,425 பேரே இருந்தனர். மரபு என்று போற்றப்பட்டதில் அங்கு வாழ்ந்த பல இன மக்களின் வாழ்க்கையும் ஒரு கூறு என்பதை நோக்க, இக்கணக்கு நெஞ்சை உறுத்துகிறது.

தோட்டப் பள்ளியில் பணிபுரியும் எனக்கு இஃது அயலான கதையன்று. நிலம் கைமாறியபோது லயன் வீட்டை விட்டுப் போன மாணாக்கர் பலரை அறிவேன்.

பயிற்சிக் கல்லூரியில் என்னுடன் பயின்ற நண்பர் ஒருவர் பினாங்குத் தெரு மாடியறையொன்றில் வளர்ந்தவர். தந்தையார் அருகிலிருந்த அரிசிக் கடையில் கணக்கெழுதினார். 2000இல் அவர்கள் பட்டர்வொர்த்துக்குக் குடிபெயர்ந்தனர். முதியவர் அதன்பின் நாள்தோறும் பெரி ஏறி வேலைக்கு வந்தார். அண்மையில் நண்பர் அந்தச் சன்னலை எனக்குக் காட்டினார். அவ்வறை இன்று விடுதியைச் சேர்ந்தது. ஓர் இரவுக்குரிய கட்டணம் வாயிற்பலகையில் எழுதியிருந்தது. தந்தையார் ஒரு மாதத்துக்குக் கொடுத்த வாடகையினும் அது மிகுதி என்று கூறிவிட்டு, அவர் அஞ்சடியில் இறங்கி நடந்தார்.