தண்ணீரூற்றின் பள்ளிக்கூடங்கள்

முல்லைத்தீவு மாவட்டத்தின் கரைதுறைப்பற்றுப் பிரிவில், மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில், முள்ளியவளையை ஒட்டிக் கிடக்கும் ஊர் தண்ணீரூற்று. வயலும் குளமும் காடும் சூழ்ந்த இவ்வூரிலும் அயலிலும் சைவரும் கிறித்தவரும் முஸ்லிம்களும் அருகருகே வாழ்ந்து வந்துள்ளனர். வன்னிப் பெருநிலப்பரப்புக்குக் கல்வி வந்த வழியையும், அது தரத்தில் ஏறியும் இறங்கியும் போன காரணங்களையும் இந்த ஓர் ஊரை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

பாடசாலைகள் வருவதற்கு முன்பு படிப்பு திண்ணையிலும் கோயில் வீதியிலும் நடந்தது. விசயதசமியன்று ஏடு தொடக்கி, பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிப்பார்கள். பின்னர் மணலில் எழுத்துப் பழக்கம். கை திருந்தியதும் எழுத்தாணியும் பனையோலையும். அரிச்சுவடி, ஆத்திசூடி, எண்சுவடி, நிகண்டு என்று பாடம் படிப்படியாக ஏறும். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். பள்ளிக்கே போகாதவர்களுக்குக் கோயில்களில் நடந்த புராணபடனமும், கோவலன் கூத்தும், வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலை ஒட்டிய கதைப்பாடல்களும் தமிழைக் காதுவழி கற்பித்தன. எழுதத் தெரியாத கமக்காரர் நூற்றுக்கணக்கான பாட்டுகளை மனத்தில் வைத்திருந்தது இதனால்தான். ஆனால் திண்ணைக் கல்வி பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கும், சாதியிலும் வசதியிலும் மேலே இருந்தோருக்கும் உரியதாகவே இருந்தது.

புதுமுறைக் கல்வி வடக்கில் யாழ்ப்பாணக் குடாநாட்டில்தான் முதலில் வேரூன்றியது. அமெரிக்க மிஷனரிகள் 1816இல் அங்கு பணி தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி எழுந்தது. அதற்கு எதிர்முகமாக ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையை நிறுவினார். இந்தப் போட்டியின் பயன் வன்னிக்குப் பிந்தியே வந்தது. குடித்தொகை குறைவு, ஊர்கள் தொலைவு, எல்லாவற்றுக்கும் மேலாக மலேரியாக் காய்ச்சல். குடாநாட்டிலிருந்து வரும் உபாத்தியாயர் காய்ச்சலில் விழுந்து திரும்பிப் போனால் பள்ளியும் மூடப்படும். 1905இல் யாழ்ப்பாண ரயில் மாங்குளம் வழியாக ஓடத் தொடங்கிய பிறகும், அங்கிருந்து முல்லைத்தீவுக் கரைக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர் காட்டுவழி மிஞ்சியிருந்தது.

தடைகளுக்கிடையிலும் கிறித்தவப் பள்ளிகள் இப்பகுதிக்கு வந்து சேர்ந்தன. தண்ணீரூற்றில் இன்றும் ‘சி.சி.த.க. பாடசாலை’ என்று ஒன்று உண்டு. இலங்கைத் திருச்சபையின் தமிழ்க் கலவன் பாடசாலை என்பதன் சுருக்கம் அது. மறுபுறம், 1923இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் குடாநாட்டுக்கு வெளியிலும் சைவப் பாடசாலைகளைப் பரப்பியது. மக்கள் இதை ‘இந்து போர்ட்’ என்றே அழைத்தனர். இதன் முகாமையாளராக இருந்த சு. இராசரத்தினமும் ‘இந்து போர்ட் இராசரத்தினம்’ என்றே பெயர் பெற்றார். முஸ்லிம் குடும்பங்களுக்கென முஸ்லிம் பாடசாலையும் ஊரில் வளர்ந்தது.

1945ஆம் ஆண்டு பெருந்திருப்பமாக அமைந்தது. கல்வி அமைச்சர் சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் அந்த ஆண்டு ஒக்டோபர் முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. தாய்மொழியில் கற்பித்தலும் வலுப்பெற்றது. ஏறத்தாழ அதே காலத்தில் டி.டி.டி. தெளிப்பு மலேரியாவை அடக்கியது. குளங்கள் திருத்தப்பட்டன, குடியேற்றத் திட்டங்கள் வந்தன, ஊர்கள் பெருகின. பிள்ளைகளை வயலுக்கு அனுப்பிய பெற்றோர் பள்ளிக்கும் அனுப்பத் தொடங்கினர். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. அதன்பின் சமயச் சங்கங்களின் இடத்தை அரசின் சம்பளப் பட்டியலும் இடமாற்றக் கடிதமும் பிடித்தன. முள்ளியவளை வித்தியானந்தாக் கல்லூரி இந்த வட்டாரத்தின் உயர்வகுப்புகளுக்கான முதன்மை நிலையமாக வளர்ந்தது.

பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். தரமோ அதே வேகத்தில் வரவில்லை. விஞ்ஞானமும் கணிதமும் ஆங்கிலமும் கற்பிக்க ஆளில்லாமை தீராத குறையாகத் தொடர்ந்தது. குடாநாட்டிலிருந்து நியமனம் பெற்று வரும் ஆசிரியர் ‘கஷ்டப் பிரதேச’ சேவைக் காலம் முடிந்ததும் ஊருக்கு மாற்றம் கேட்டுப் போவார். ஓர் ஆசிரியர் போய் அடுத்தவர் வரும் இடைவெளியில் ஒரு வகுப்பின் கணித பாடமே தவறிவிடும். இந்தப் பின்னடைவை அரசு பல்கலைக்கழக வாசலில் ஈடுசெய்யப் பார்த்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. பின்னர் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனத் தனிப் பங்கும் ஒதுக்கப்பட்டது. 1970களின் இறுதியில் தனி மாவட்டமான முல்லைத்தீவும் அப்பட்டியலில் இடம்பெற்றது. குறைந்த வெட்டுப்புள்ளியை நாடி வெளி மாவட்டப் பிள்ளைகளும் இங்கு வந்து பதியலாயினர். அதைத் தடுக்க, அம்மாவட்டத்தில் மூன்று ஆண்டு படித்திருக்க வேண்டும் என்ற விதி தேவைப்பட்டது. ஒதுக்கீடு வன்னிப் பிள்ளைகள் சிலரைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தது. ஐந்தாம் வகுப்பில் ஆசிரியர் இல்லாத குறையை அதனால் நிரப்ப முடியவில்லை.

1990 மார்ச்சில் தாய்லாந்தின் ஜொம்தியென் நகரில் உலக நாடுகள் ‘அனைவருக்கும் கல்வி’ என்று உறுதி எடுத்தன. ஆனால் அதே ஆண்டு யூனில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே வன்னியில் மீண்டும் போர் மூண்டது. ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். தண்ணீரூற்று முஸ்லிம்களும் கையில் எடுத்ததோடு புறப்பட்டு, பெரும்பாலும் புத்தளம் பகுதியில் அகதிகளாயினர். ஒரு சமூகமே போய்விட, அதன் பாடசாலை வெறுமையாயிற்று.

அடுத்த இரு தசாப்தங்களில் வன்னிப் பாடசாலைகள் நடந்த விதம் கல்வி வரலாற்றில் அபூர்வமானது. ஆட்சி புலிகளிடம், பாடத்திட்டமும் பரீட்சையும் ஆசிரியர் சம்பளமும் கொழும்பிலிருந்து. மின்சாரம் கிடையாது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சிறு குழாயில் கோத்த திரியை ஏற்றினால் ஓர் இரவுப் படிப்புக்குப் போதும்; அந்த வெளிச்சத்தில் படித்தே பலர் உயர்தரம் எழுதினர். யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியர்கள் வரவு குறைந்தபோது, ஊரில் உயர்தரம் முடித்த இளைஞரும் பெண்களும் தொண்டர் ஆசிரியர்களாக வகுப்பை ஏற்றனர். பயிற்சி குறைவாக இருந்தாலும் அவர்கள் ஊரைவிட்டுப் போகாதவர்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமி முல்லைத்தீவுக் கரையின் பாடசாலைகளை அழித்தது. 2006 ஆகஸ்ட் 14இல் வள்ளிபுனம் செஞ்சோலைச் சிறுவர் இல்ல வளாகத்தில் விழுந்த விமானக் குண்டுகள் ஐம்பதுக்கும் மேற்பட்ட இளம்பெண்களைக் கொன்றன. முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டப் பாடசாலை மாணவிகளே பெரும்பாலோர். புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பு மறுபுறம் உயர்வகுப்புகளைக் காலிசெய்தது. 2008 இறுதியில் முள்ளியவளைப் பகுதி இராணுவத்திடம் வீழ்ந்தபோது ஊர் முழுவதும் வடமேற்கே புதுக்குடியிருப்புப் பக்கம் இடம்பெயர்ந்தது. மரத்தடியில் நடந்த வகுப்புகளும் ஒவ்வொன்றாக நின்றன. போர் முடிந்து ஏறக்குறைய 2,80,000 பேர் முகாம்களில், பெரும்பாலும் செட்டிகுளம் மெனிக் பாமில், அடைக்கப்பட்டனர். இடம்பெயர்ந்து வந்த ஆசிரியர்களே அங்கே கூடாரங்களில் வகுப்பு நடத்தினர். 2009 ஆகஸ்டில் பிள்ளைகள் முகாமிலிருந்தே உயர்தரப் பரீட்சை எழுதினர்.

2010ஐ அடுத்த ஆண்டுகளில் மக்கள் ஊர் திரும்பினர். கூரையற்ற கட்டடங்கள் திருத்தப்பட்டன, கணினியும் ஆய்வுகூடமும் வந்தன. முஸ்லிம் குடும்பங்களில் ஒரு பகுதியினரே திரும்பினர்; புத்தளத்தில் பிறந்து அங்கேயே படிக்கும் பிள்ளைகளை இடையில் நிறுத்திக் கூட்டிவருவது எளிதாக இருக்கவில்லை. கட்டடம் எழுந்த வேகத்தில் ஆசிரியர் குறை தீரவில்லை. வெளியூரில் குடியிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்துபோகும் ஆசிரியர், வகுப்பு முடிந்த பின் பின்தங்கிய பிள்ளையோடு அரை மணி நேரம் உட்கார முடியாது; திரும்பும் பேருந்து காத்திருக்காது.

வளர்முக நாடுகள் பலவற்றின் அனுபவமும் இதுதான்: சேர்க்கை விரைவில் உயர்கிறது, கற்றல் பின்தங்கி நிற்கிறது. தண்ணீரூற்றின் வரலாறு அதற்கான காரணத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. மலேரியா, தூரம், இடமாற்றம், போர் என்று காலத்துக்குக் காலம் காரணம் மாறினாலும், தரம் சரிந்த ஒவ்வொரு முறையும் ஆசிரியர் ஊரில் தங்க முடியாத நிலை இருந்தது. ஆசிரியர் விடுதி, நல்ல போக்குவரத்து, கஷ்டப் பிரதேசப் படி இவற்றோடு, உள்ளூர்ப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து வவுனியாக் கல்வியியல் கல்லூரியிலும் யாழ்ப்பாண, வவுனியாப் பல்கலைக்கழகங்களிலும் பயிற்றிச் சொந்த ஊர்ப் பாடசாலைக்கே அனுப்புவதுதான் இவ்வட்டாரத்துக்கு ஏற்ற வழி. கட்டடத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்காவது அதற்குப் போக வேண்டும்.