குழந்தைப் பருமனை எதைக் கொண்டு அளப்பது?

புனே அருகே ஆறு கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டு, மருத்துவர் யாஜ்னிக்கின் குழுவினர் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். புனேக் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, சௌதாம்ப்டன் குழந்தையின் எடை 3.5 கிலோ. வயிற்றுச் சுற்றளவும் கைச் சுற்றளவும் அதற்கேற்பச் சிறுத்திருந்தன. தோள்பட்டை எலும்புக்குக் கீழே எடுத்த தோல்மடிப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்த இடத்தில் கொழுப்பு பெரிதாகக் குறையாமல் நின்றுவிட்டது.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் பிஎம்ஐ இதைக் காட்டாது. யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்களையே சான்றாக நிறுத்தினார்கள்: இருவருக்கும் பிஎம்ஐ 22.3, ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இந்தியக் குழந்தைமருத்துவர் சங்கம் 2015இல் தன் வளர்ச்சி வரைபடங்களில் மிகை எடைக்கும் பருமனுக்குமான கோடுகளைப் பெரியவர்களின் 23, 27 என்ற அளவுகளுக்கு இணையாக இறக்கியது நியாயமான திருத்தம்தான். ஆனால் கோட்டை எங்கே போட்டாலும் தராசு நிறுப்பது எடையைத்தான். 2016–18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் 5 முதல் 9 வயது வரையுள்ளோரில் மிகை எடையினர் சுமார் 4 சதவீதம். நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தோர் சுமார் 10 சதவீதம். இந்த இடைவெளி முழுவதையும் கொழுப்பின் கணக்கில் எழுத முடியாது. இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையின் அளவை இரத்தசோகை திரிக்கும். ஆனாலும் எடையை மட்டும் பார்க்கும் சல்லடையில் நழுவும் பிள்ளைகள் குறைவல்லர்.

அப்படியானால் கொழுப்பையே நேரடியாக அளந்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் உடற்பயிற்சிக் கூடங்களில் வெறுங்காலோடு ஏறி நிற்கும் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது கொழுப்பை அளப்பதில்லை. மெல்லிய மின்னோட்டத்துக்கு உடல் தரும் தடையிலிருந்து நீரையும், நீரிலிருந்து தசை முதலியவற்றையும் ஊகித்து, மிச்சத்தைக் கொழுப்பு என்று சொல்கிறது. தசையில் நீரின் பங்கு குழந்தைகளுக்குக் கூடுதல், வயதோடு மாறும். வெயிலில் விளையாடிவிட்டு வந்த பிள்ளைக்கு எண்ணே வேறாகும். டெக்சா எக்ஸ்ரே துல்லியமானது. ஆனால் ஊர்ப் பள்ளிக்கு எட்டாது. தோல்மடிப்புக் காலிப்பருக்குத் தேர்ந்த கை வேண்டும். பருமனான பிள்ளையிடம் மடிப்பைப் பிடிப்பதே பாடு. போதாக்குறைக்கு, பூப்புக்காலத்தில் பெண்களுக்குக் கொழுப்பு விகிதம் இயல்பாகவே கூடுவதால், எல்லோருக்கும் ஒரே சதவீத வரம்பு என்பதும் நிற்காது.

ஆபத்தை முடிவு செய்வதில் கொழுப்பின் அளவைப் போலவே அது தங்கும் இடமும் முக்கியம். வயிற்றுக்குள் சேர்வதே கல்லீரலையும் இன்சுலினையும் அதிகம் தொல்லைப்படுத்துகிறது. ஆகவே பிஎம்ஐக்கு அடுத்த படியாக நான் முன்வைப்பது இடுப்பளவு: உயரத்தில் பாதியைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இல் 5 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு இதைத் தன் வழிகாட்டுதலில் சேர்த்தது. பிஎம்ஐ மட்டும் போதாது என்று 2025இல் பருமன் குறித்த லான்செட் ஆணையமும் கூறியது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, பிள்ளை இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும்போது, இழுபடாத டேப்பால் அளக்க வேண்டும். டேப்பைக் கண்டதும் வயிற்றை எக்கிக்கொள்ளாத பிள்ளை அரிது. இரண்டாம் முறை அளப்பதே மெய்.

மெலிந்த உடலிலும் கொழுப்பு மிகுந்த பிள்ளைகள் எல்லோரையும் இந்த டேப்பும் பிடித்துவிடாது. பெற்றோருக்கு நீரிழிவு உண்டா, பிறந்தபோது எடை குறைவா என்ற இரண்டு கேள்விகளையும், அழுக்கென்று வீட்டில் தேய்த்துத் தேய்த்தும் போகாத, இன்சுலின் கோளாற்றைக் காட்டக்கூடிய பிடரிக் கருமையையும் இடுப்பளவோடு ஒரே பதிவேட்டில் குறித்தால், யாருக்கு இரத்தப் பரிசோதனை தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்யலாம்.