வீட்டுக் கொல்லை மட்குக் குவியல்

வீட்டுக் கொல்லை மட்குக் குவியல் என்பது காய்கறிக் கழிவு, உதிர்ந்த இலை, தழை முதலியவற்றைக் கொல்லைப்புறத்தில் குவித்து, நுண்ணுயிர்களின் செயற்பாட்டால் உரமாக மாற்றும் முறை ஆகும். பேச்சு வழக்கில் கம்போஸ்ட் என்றும் குப்பை உரம் என்றும் அழைக்கப்படுகிறது. ஊர்ப்புற எருக்குழியின் நகர வடிவம் எனவும் இதனைக் கூறலாம். கொல்லையில் தென்னை வளர்க்கும் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் போன்ற ஊர்களில், கவனிக்காது விடப்படும் குவியல் தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டின் பிறப்பிடமாகிவிடக்கூடும்.

பின்னணி

ஆல்பர்ட் ஹோவர்டு 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றியபோது யஷ்வந்த் வாட் என்பவருடன் இணைந்து உருவாக்கிய இந்தூர் முறையே இன்றைய வீட்டுக் குவியல்களுக்கு அடிப்படை எனலாம். கழிவை அடுக்குகளாக இட்டு, குறித்த இடைவெளியில் கிளறிவிடுவது அதன் சிறப்பு.

திருச்சிராப்பள்ளி மாநகரின் குப்பை பல பத்தாண்டுகளாக அரியமங்கலம் கிடங்கில் கொட்டப்பட்டது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டும் என்றன. அதன் பின் மாநகரின் பல இடங்களில் நுண் உர மையங்கள் அமைக்கப்பட்டன.

அமைத்தல்

வெப்பம் தங்குவதற்குக் குவியல் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும் அகலமும் உயரமும் கொண்டிருத்தல் நன்று. மன்னார்புரம் போன்ற நகரப் பகுதிகளில் இடம் குறைவெனில் கிணற்று உறை ஒன்றே போதும். மட்குவதற்குக் காலம் சற்றுக் கூடும். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கத்தில், மழைக்காலத்தில் நீர் தேங்கும் மனைகளில் குழியைவிடத் தரைமேல் குவியலே ஏற்றது.

ஒரு பங்கு பச்சைக் கழிவுக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு காய்ந்த இலை என்பது எளிய கணக்கு. கரிமமும் நைதரசனும் ஏறத்தாழ 30-க்கு 1 என்ற விகிதத்தில் அமைவதே இதன் நோக்கம். வாழைமட்டையை நறுக்கி இட வேண்டும். தேங்காய் மட்டை மட்குவதற்கு நெடுங்காலம் எடுக்கும். பிழிந்த கடற்பஞ்சு போன்ற ஈரம் போதுமானது. நன்கு அமைந்த குவியலின் நடுப்பகுதி 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும். களை விதைகளும் ஈப் புழுக்களும் அச்சூட்டில் அழியும்.

பூச்சிகளும் பிற உயிர்களும்

பெரும்பாலான தொல்லைகள் குவியலின் நிலையைக் காட்டும் அறிகுறிகளே. எறும்பு புற்று வைத்தால் குவியல் காய்ந்துவிட்டது என்று பொருள். கத்திரி வெயிலில் இது வழக்கம், நீர் தெளித்தால் அகன்றுவிடும். ஈ மொய்த்தால் ஈரம் மிகுதி, அல்லது கழிவு மூடப்படவில்லை. புதிய கழிவை ஒவ்வொரு முறையும் காய்ந்த இலையாலோ மண்ணாலோ மூடுவதே இதற்குத் தீர்வு, மருந்து தேவையில்லை. எலி, பெருச்சாளி ஆகியன சோறு, மீன் முள், இறைச்சி ஆகியவற்றைத் தேடி வருவன. அவற்றை இடாமல், அடியில் சிறுகண் கம்பிவலை விரிக்கலாம். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவக்கூடும் என்பதால் கையுறையின்றிக் கிளறக் கூடாது.

காண்டாமிருக வண்டு இவற்றினின்று வேறுபட்டது. குவியல் சரியாக இருந்தாலும் வரும். வளர்ந்த வண்டு தென்னையின் குருத்தைத் துளைக்கும். பின்னர் விரியும் ஓலை கத்தரியால் வெட்டியதுபோல் காணப்படும். ஆனால் வண்டு முட்டையிடுவதோ மட்கிய குப்பையிலும் பட்டுப்போன தென்னையின் அடிமரத்திலும்தான். புழுப்பருவம் சில மாதங்கள் நீடிக்கும். இதுவே வீட்டுக்காரருக்குச் சாதகம்: மாதம் இருமுறை அடிவரை கிளறினால், வண்டாக மாறும் முன்பே புழுக்களைப் பொறுக்கி அழித்துவிடலாம். மெட்டாரைசியம் என்னும் பூஞ்சணத்தை எருக்குழியில் இடுவதும் உண்டு. மட்கிய உரத்தை உடனே சலித்துப் பயன்படுத்துவது நல்லது; மூட்டை கட்டாமல் மூலையில் மாதக்கணக்கில் விட்டுவைப்பதே பலர் செய்யும் தவறு.

வெள்ளைப் புழு எல்லாம் பகை அன்று. காண்டாமிருக வண்டின் புழு விரல் பருமனில், பழுப்புத் தலையுடன் வளைந்து கிடக்கும். ஏறக்குறைய அதே தோற்றமுடைய பூவண்டுப் புழுவைத் தரையில் விட்டால் மல்லாந்து முதுகால் ஊர்ந்து செல்லும். அது உரமாக்கத்திற்கு உதவுவது. தட்டையான பழுப்புநிறப் புழுக்கள் கருஞ்சிப்பாய் ஈயினுடையவை. அவை கழிவை விரைந்து தின்னும். அந்த ஈ வீட்டு ஈயைப் போல உணவின் மீது மொய்ப்பதில்லை.